காளையா, கரடியா? சந்தையின் மனநிலையையும் உங்கள் சாய்வையும் அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

2024 ஜூன் முதல் வாரத்தை எடுத்துக்கொள்வோம். ஜூன் 1, சனிக்கிழமை மாலை எக்ஸிட் போல் கணிப்புகள் வந்தன. ஆளும் கூட்டணிக்குப் பெரிய வெற்றி என்று சேனல் சேனலாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை, 50 பெரிய கம்பெனிகளின் பங்குக் குறியீடான நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263-ல் முடிந்தது. செவ்வாய்க்கிழமை வாக்கு எண்ணிக்கையில் பாஜகவுக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை என்று தெரிந்ததும் கிட்டத்தட்ட 6 சதவீதம் சரிந்து 21,884-க்கு வந்தது. புதன்கிழமையே 3 சதவீதத்துக்கு மேல் மீண்டது. வெள்ளிக்கிழமை முடிவில், திங்கட்கிழமை முடிந்த இடத்தையே தாண்டிவிட்டது.

அந்த ஐந்து நாளில் எந்தக் கம்பெனியும் காலாண்டு லாபத்தைத் திருத்தி எழுதவில்லை. திங்கட்கிழமை 'இனி 25,000 தான்' என்றவர்களில் பலர் செவ்வாய்க்கிழமை மதியம் '20,000 உடையும்' என்றார்கள். சந்தை ஏறும் என்பவர் காளை, இறங்கும் என்பவர் கரடி. இதை ஆளின் சுபாவம் என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது அவர் கையில் இருக்கும் பொசிஷனின் (ஏற்றத்துக்கோ இறக்கத்துக்கோ போட்டிருக்கும் பணத்தின்) சுபாவம். வாங்கி வைத்தவருக்கு எல்லாச் செய்தியும் ஏற்றத்துக்கான காரணமாகத் தெரியும். ஷார்ட் அடித்தவருக்கு, அதாவது விலை இறங்கும் என்று கையில் இல்லாததை முன்கூட்டியே விற்றவருக்கு, அதே செய்தியில் ஆபத்து தெரியும். கட்சிக்காரர் தன் கட்சிப் பத்திரிகையைப் படிப்பது மாதிரிதான்: படிப்பது தெரிந்துகொள்ள அல்ல, உறுதிப்படுத்திக்கொள்ள.

ஆகவே இந்த வழிகாட்டியின் வேலை இரண்டு. கூட்டம் என்ன மனநிலையில் இருக்கிறது என்று அளப்பது ஒன்று. நீங்கள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறீர்கள் என்று கண்டுபிடிப்பது மற்றொன்று. இரண்டாவதுதான் கடினம், பணமும் அங்கேதான் போகிறது.

படி 1: பொசிஷன் எடுப்பதற்கு முன்பே எழுதுங்கள்

ஒரு நோட்டு அல்லது போனில் ஒரு பக்கம் போதும். சந்தை திறக்கும் 9:15-க்கு முன்னால் மூன்று விஷயங்கள் எழுத வேண்டும். ஏன் வாங்குகிறேன் அல்லது விற்கிறேன், எந்த விலை வந்தால் என் காரணம் தவறு, எவ்வளவு பணம் போனால் வெளியே வருவேன். இவ்வளவுதான். ஆர்டர் போட்ட பிறகு எழுதினால் பயனில்லை. அப்போது எழுதுவது உங்கள் பொசிஷனுக்கான வக்காலத்தாகத்தான் இருக்கும்.

காரணத்தை எழுதும்போது ஒரு சோதனை. 'நல்ல கம்பெனி', 'எல்லாரும் பேசுறாங்க', 'ரொம்ப இறங்கிடுச்சு' ஆகிய மூன்றில் ஒன்றுதான் எழுத வருகிறது என்றால், உங்களிடம் காரணம் இல்லை, மனநிலை மட்டும் இருக்கிறது. அன்று ட்ரேட் வேண்டாம்.

படி 2: கூட்டத்தின் மனநிலையை எண்ணில் பாருங்கள்

முதலில் இந்தியா விக்ஸ். நிஃப்டி ஆப்ஷன் (குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) விலைகளிலிருந்து தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ கணக்கிடும் எண் இது. அடுத்த 30 நாளில் எவ்வளவு ஆட்டம் இருக்கும் என்று ஆப்ஷன் சந்தை நினைப்பதை ஆண்டுக் கணக்கில் சொல்கிறது. மாதக் கணக்குக்கு மாற்ற 3.46-ஆல் வகுக்க வேண்டும். விக்ஸ் 15 என்றால் ஒரு மாதத்தில் சுமார் 4.3 சதவீதம் மேலோ கீழோ போகலாம் என்ற எதிர்பார்ப்பு. நிஃப்டி 25,000-ல் இருந்தால் ஏறக்குறைய 1,080 புள்ளி. எந்தப் பக்கம் என்று அது சொல்லாது. பலர் இதைத் திசை காட்டும் கருவியாக எடுத்துக்கொண்டு ஏமாறுகிறார்கள்.

உச்சகட்டங்களில் இதற்கு மதிப்பு உண்டு. 2020 மார்ச் 24 அன்று விக்ஸ் 80-ஐத் தாண்டியது. நிஃப்டி 7,511 என்ற அடியைத் தொட்டதும் அதே நாள்தான். ஆனால் மறுபக்கம் அப்படிச் சுலபமில்லை. 2023-ல் விக்ஸ் மாதக் கணக்காக 10, 12 என்று தூங்கியது. 'எல்லாரும் அசட்டையாக இருக்கிறார்கள், விழப்போகிறது' என்று கரடிகள் காத்திருந்தார்கள். அந்த ஆண்டு நிஃப்டி சுமார் 20 சதவீதம் ஏறியது. பயம் சீக்கிரம் தீர்ந்துவிடும், நிம்மதி வருடக் கணக்கில் நீடிக்கும். அதனால் விக்ஸின் மேல்முனையை நம்பலாம், கீழ்முனையை வைத்து ஷார்ட் அடிக்கக் கூடாது என்பது என் கருத்து.

அடுத்தது புட்-கால் விகிதம், நம்மவர்கள் பிசிஆர் என்பது. புட் (விற்கும் உரிமை) ஆப்ஷன்களின் ஓப்பன் இன்ட்ரஸ்ட்டை, அதாவது இன்னும் முடிக்கப்படாத ஒப்பந்தங்களின் எண்ணிக்கையை, கால் (வாங்கும் உரிமை) ஆப்ஷன்களின் ஓப்பன் இன்ட்ரஸ்ட்டால் வகுத்தால் வரும் எண். இதில் ஒரு வேடிக்கை உண்டு. புட் வாங்குபவர் பயந்தவர் என்று பார்த்தால், பிசிஆர் ஏறுவது பயத்தின் அடையாளம். நம் ஊரில் பெரும்பாலோர் விற்பவரின் கண்ணால் பார்க்கிறார்கள்: புட்டை எழுதி விற்பவர் 'இதற்குக் கீழே போகாது' என்று பணம் கட்டுகிறார், ஆகவே பிசிஆர் 1-க்கு மேல் போனால் காளைக்குச் சாதகம். ஆக ஒரே எண், இரண்டு அர்த்தம். உங்கள் பொசிஷனுக்கு ஏற்ற அர்த்தம் தானாகவே மனதில் வந்து உட்காரும். எந்த விதத்தில் படிப்பீர்கள் என்பதை ஒருமுறை எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் மாற்றாதீர்கள். முடியாதென்றால் பிசிஆரைப் பார்க்காமலே விடலாம், பெரிய நஷ்டமில்லை.

வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்கள், உள்நாட்டு நிறுவனங்கள் ஆகியோரின் அன்றன்றைய வாங்கல் விற்றல் கணக்கு தினமும் மாலை வெளியாகிறது. 2024 அக்டோபரில் வெளிநாட்டினர் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு விற்றார்கள். அதே மாதம் மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி (மாதாமாதத் தவணை முதலீடு) வழியாக வந்த பணம் முதன்முறையாக 25,000 கோடியைத் தாண்டியது. கரடிகள் முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள், காளைகள் இரண்டாவதை. அடுத்து நடந்தது என்ன? அக்டோபரில் தொடங்கி 2025 பிப்ரவரி வரை ஐந்து மாதம் தொடர்ந்து நிஃப்டி இறங்கியது. 1996-க்குப் பிறகு அப்படி நடந்ததில்லை. 'எஸ்ஐபி பணம் தாங்கும்' என்ற காளை வாதம் தோற்றது. ஆனால் ஏப்ரல் 7-ல் 21,743 வரை போன நிஃப்டி ஜூன் கடைசியில் 25,500-க்கு மேல் நின்றது. 'இன்னும் பாதியாகும்' என்று ஷார்ட்டில் உட்கார்ந்திருந்தவர்களும் தோற்றார்கள்.

ஐபிஓ (புதுப் பங்கு வெளியீடு) கூட்டத்தையும் பாருங்கள். 2008 ஜனவரி நடுவில் ரிலையன்ஸ் பவர் வெளியீட்டுக்கு 70 மடங்குக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் சென்செக்ஸ் 21,200-ஐத் தொட்டிருந்தது. 450 ரூபாய் விலை வைத்த அந்தப் பங்கு பிப்ரவரியில் பட்டியலான முதல் நாளே 400-க்குக் கீழே முடிந்தது. சமீபத்து உதாரணம் 2024 ஆகஸ்ட்: தில்லியில் இரண்டு பைக் ஷோரூமும் எட்டு ஊழியர்களும் கொண்ட ஒரு நிறுவனத்தின் 12 கோடி ரூபாய் எஸ்எம்இ (சிறு, நடுத்தர நிறுவன) வெளியீட்டுக்குச் சுமார் 4,800 கோடி ரூபாய்க்கு விண்ணப்பம் வந்தது. அடுத்த மாதமே நிஃப்டி 26,277 என்ற உச்சத்தில் திரும்பியது. விக்ஸைவிட, பிசிஆரைவிட, பேராசையின் நல்ல அளவுகோல் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம், இதில் ஜனங்கள் வெறும் கருத்துச் சொல்லவில்லை, பணத்தை முடக்கிக் காட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் தனிநபர் முதலீட்டாளர் சங்கம் 1987 முதல் வாராவாரம் உறுப்பினர்களிடம் ஒரே கேள்வி கேட்கிறது: அடுத்த ஆறு மாதம் ஏற்றமா, இறக்கமா, அப்படியேயா? 2009 மார்ச் 5-ல் 70 சதவீதம் பேர் இறக்கம் என்றார்கள். மார்ச் 9-ல் எஸ் அண்ட் பி 500 அந்தச் சரிவின் அடியில் முடிந்து, அங்கிருந்து ஏறத் தொடங்கியது. 2000 ஜனவரியில் 75 சதவீதம் பேர் ஏற்றம் என்றார்கள், மார்ச்சில் உச்சம் வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஜனவரியில் கூட்டத்துக்கு எதிராக நாஸ்டாக்கை ஷார்ட் அடித்தவர், உச்சம் வரும் வரை இரண்டு மாதம் தாக்குப்பிடித்திருக்க வேண்டும். கூட்டம் தவறு என்பது சரியாக இருந்தாலும், எப்போது என்பதை எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது.

படி 3: காளையாக இருக்கும்போது உங்களுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள்

காளைக்கு இரண்டு நோய். ஒன்று, வாங்கிய விலையோடு கட்டிப்போட்டுக்கொள்வது. யெஸ் வங்கியைப் போலத் தெளிவான உதாரணம் கிடைக்காது. 2018 ஆகஸ்டில் 400 ரூபாயைத் தொட்ட பங்கு. செப்டம்பரில் அதன் தலைவரின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கியதும் ஒரே நாளில் கால் பங்குக்கு மேல் விழுந்தது. அங்கிருந்து கீழே வர வர, சிறு முதலீட்டாளர்கள் வெளியேறவில்லை, சேர்ந்தார்கள். 200-ல் 'பாதி விலை', 100-ல் 'ஆவரேஜ் பண்றேன்', 50-ல் 'இதுக்கு மேல எங்க இறங்கப் போகுது'. 2020 மார்ச் 5-ல் வங்கிக்குத் தடையாணை (பணம் எடுக்கக் கட்டுப்பாடு) வந்தது. மறுநாள் பங்கு விலை 6 ரூபாய்க்கும் கீழே போனது. பிறகு வந்த மீட்புத் திட்டத்தில், 100 பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் முக்கால்வாசிப் பங்கை மூன்று ஆண்டுக்கு விற்க முடியாதபடி பூட்டினார்கள்.

50 ரூபாய் மலிவு என்று தோன்றியதற்கு ஒரே காரணம் 400 என்ற பழைய விலை மனதில் இருந்ததுதான். வங்கியின் வாராக்கடனுக்கு 400 என்ற எண் தெரியாது. இதற்கு மருந்து: போர்ட்ஃபோலியோ பார்க்கும்போது வாங்கிய விலைப் பத்தியை மறைத்துவிட்டு, 'இன்று கையில் பணம் மட்டும் இருந்தால் இந்த விலைக்கு இதை வாங்குவேனா?' என்று கேட்பது. இல்லை என்றால் வைத்திருப்பதற்குக் காரணம் இல்லை.

இரண்டாவது நோய், லாபத்தை உடனே அறுவடை செய்துவிட்டு நஷ்டத்தைப் பத்திரமாக வளர்ப்பது. இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது உளவியலாளர்கள் கானமன், ட்வெர்ஸ்கி இருவரின் ஆராய்ச்சி தந்த முடிவு. விற்காதவரை நஷ்டம் 'பேப்பரில்'தான் இருக்கிறது என்று மனம் சமாதானம் சொல்லும். டெரன்ஸ் ஓடியன் ஓர் அமெரிக்க ப்ரோக்கரின் 10,000 கணக்குகளை ஆராய்ந்து 1998-ல் வெளியிட்ட முடிவு சங்கடமானது. லாபத்தில் விற்றுத் தள்ளிய பங்குகள், விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி கூடுதலாகத் தந்தன. அதாவது நல்லதை விற்று, கெட்டதை வைத்திருந்தார்கள்.

நஷ்டத்தை விற்க மனம் வரவில்லையா? வரிக் கணக்கைத் துணைக்கு அழையுங்கள். டெலிவரி எடுத்த (கணக்கில் வாங்கி வைத்த) பங்கின் குறுகிய கால நஷ்டத்தை அந்த ஆண்டின் மூலதன லாபத்தில் கழிக்கலாம், மீதியை எட்டு ஆண்டு கொண்டுபோகலாம். 'தோற்றேன்' என்று விற்பதைவிட 'வரி மிச்சம்' என்று விற்பது பலருக்குச் சுலபமாக இருக்கிறது. மனதை மனதாலேயே ஏமாற்றுவதுதான், ஆனால் பலிக்கிறது.

படி 4: கரடியாக இருக்கும்போது என்ன ஆகிறது என்றும் பாருங்கள்

இதைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. காரணம், கரடி பேசினால் புத்திசாலித்தனமாகக் கேட்கும். 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்பவர் அப்பாவியாகத் தெரிவார். 'உலகக் கடன், பணவீக்கம், மதிப்பீடு' என்று அடுக்குபவர் விவரம் தெரிந்தவராகத் தெரிவார். அந்த மரியாதைதான் கரடியின் பொறி.

2020 மார்ச் 23-ல் நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610-ல் முடிந்தது. அங்கே விற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஊரடங்கு அறிவிப்பு, வேலை போகும் பயம், எல்லாம் நிஜம். தப்பு அதற்குப் பிறகு நடந்தது. நிஃப்டி 9,000 வந்தபோது 'மறுபடி 7,500 வரும், அங்க வாங்கலாம்' என்றார்கள். 10,000-ல் 'இது பொய்யான ஏற்றம்' என்றார்கள். கொரோனா எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது, பொருளாதாரம் சுருங்கியது, அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. நவம்பரில் நிஃப்டி ஜனவரியின் 12,430 என்ற உச்சத்தைத் தாண்டியது. 7,500 திரும்ப வரவே இல்லை. காரணம் சரியாக இருந்தும் பணம் போவதுதான் கரடிச் சாய்வின் விசேஷம்.

கரடிக்குப் பிடித்த ஆயுதம் பி/ஈ (பங்கு விலை லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) வரைபடம். நிஃப்டியின் பி/ஈ 2021 மார்ச் 30-ல் 40-ஐத் தாண்டியிருந்தது. மறுநாள் 33. காரணம் சந்தைச் சரிவு அல்ல. அதுவரை தனிக் கம்பெனி லாபத்தை வைத்துக் கணக்கிட்டுவந்த என்எஸ்இ, துணை நிறுவனங்களின் லாபத்தையும் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்குக்கு மாறியது. 2021-க்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே கோட்டில் போட்டு 'மலிவு' என்றோ 'விலை அதிகம்' என்றோ யாராவது படம் அனுப்பினால், அது எந்தப் பக்கத்தவர் அனுப்பினாலும், அழித்துவிடலாம்.

ஷார்ட் அடிப்பதில் நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. ரொக்கச் சந்தையில் தனிநபர் ஷார்ட் பெரும்பாலும் அன்றே முடிக்க வேண்டிய இன்ட்ராடேதான். ஷார்ட்டில் இருக்கும்போது பங்கு அப்பர் சர்க்யூட்டில் (அன்றைய ஏற்ற வரம்பில்) பூட்டிக்கொண்டால், திரும்ப வாங்கலாம் என்றால் விற்பவர் கிடைக்க மாட்டார், ஏலத்துக்குப் போய் அபராதத்தோடு முடியும். ஃப்யூச்சர்ஸில் (பின்தேதி ஒப்பந்தத்தில்) ஷார்ட் என்றால் நஷ்டத்துக்கு உச்சவரம்பு இல்லை. புட் வாங்கினால் நஷ்டம் பிரீமியத்தோடு (அந்த ஆப்ஷனுக்குக் கொடுத்த விலையோடு) நிற்கும், ஆனால் நாள் போகப் போகப் பிரீமியம் கரையும். ஆகவே கரடிக்குக் கால அவகாசம் காளையைவிடக் குறைவு. 'கடைசியில் நான்தான் சரி' என்பதற்கு இங்கே இடமில்லை.

படி 5: எதிர்த் தரப்பு வாதத்தை நீங்களே எழுதுங்கள்

பொசிஷன் எடுத்த பிறகு வாரத்துக்கு ஒருமுறை, எதிர்ப் பக்கத்தில் பணம் போட்டிருப்பவர் என்ன சொல்வார் என்று பத்து வரி எழுதுங்கள். கிண்டலாக எழுதக் கூடாது. அவர் படித்தால் 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத முடியவில்லை என்றால் உங்களுக்கு அந்தப் பங்கு தெரியாது.

2023 ஜனவரி 24-ல் அதானி குழுமத்தின் மீது குற்றம் சாட்டி, அமெரிக்க ஷார்ட் நிறுவனமான ஹிண்டன்பர்க்கின் அறிக்கை வந்தபோது அதானி பங்குகளில் இதன் அவசியம் தெரிந்தது. சில நாளிலேயே வாதம் கணக்குப் புத்தகத்தை விட்டு அரசியலுக்குப் போனது. ஆளுங்கட்சி பிடித்தவர் காளை, பிடிக்காதவர் கரடி. அதானி எண்டர்பிரைசஸ் பிப்ரவரி 3 அன்று 1,017 வரை விழுந்து அன்றே 1,500-க்கு மேல் முடிந்தது. பீதியில் விற்றவரும், விழும் என்று துணிந்து ஷார்ட் சேர்த்தவரும் ஒரே நாளில் அடிபட்டார்கள். பிற்பாடு நடந்தது இன்னும் சுவாரசியம். துறைமுகங்கள், நிஜமான சரக்கு, நிஜமான வருமானம் கொண்ட அதானி போர்ட்ஸ் அந்த ஆண்டு முடிவதற்குள் அறிக்கைக்கு முந்தைய விலையைத் தாண்டியது. 4,000 ரூபாயை ஒட்டி இருந்த அதானி டோட்டல் கேஸ் ஆயிரத்துக்கும் கீழே போனது, பழைய இடத்துக்கு மீளவில்லை. 'அதானி காளையா கரடியா' என்ற கேள்வியே தப்பு. எந்தக் கம்பெனி, எந்த விலை, எவ்வளவு வருமானம் என்று கேட்டவர்களுக்கு மட்டும் இரண்டும் ஒரே ஆட்டம் இல்லை என்று தெரிந்தது.

படி 6: மனநிலையைத் தொகையின் அளவில் மட்டும் பயன்படுத்துங்கள்

கூட்டம் உச்சகட்டப் பயத்திலோ ஆசையிலோ இருக்கிறது என்று படி 2 சொன்னால், அதை வைத்துத் திசையை மாற்றாதீர்கள், தொகையை மாற்றுங்கள். ஐபிஓ ஜுரம் நகரமெல்லாம் பரவியிருக்கும் மாதத்தில் புதிதாகப் போடுவதைப் பாதியாகக் குறைக்கலாம். விக்ஸ் கண்டபடி ஏறிய நாளில், வைத்திருந்த ரொக்கத்தில் மூன்றில் ஒன்றை இறக்கலாம், மீதியை அடுத்த சில வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தப்பாகப் போனாலும் பிழைத்திருப்பீர்கள்.

எஃப் அண்ட் ஓ-வுக்கு (ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) தனிக் கணக்கு வேண்டும். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர் ட்ரேடர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டம் அடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இத்தனை பேரில் காளையும் உண்டு, கரடியும் உண்டு. பக்கம் எதுவாக இருந்தாலும் தரகும் வரியும் பிரீமியக் கரைவும் ஒன்றுதான். அதிகம் ட்ரேட் செய்வதே ஒரு சாய்வு. பார்பரும் ஓடியனும் 66,465 அமெரிக்கக் குடும்பங்களின் கணக்குகளை 1991 முதல் 1996 வரை பார்த்ததில், மிக அதிகமாக வாங்கி விற்றவர்கள் ஆண்டுக்கு 11.4 சதவீதம் சம்பாதித்தார்கள். சந்தை தந்தது 17.9.

நஷ்டமான நாளில் மதியம் வரும் 'விட்டதைப் பிடிக்கணும்' என்ற வேகத்துக்கு வாதம் எடுபடாது. விதிதான் எடுபடும். படி 1-ல் எழுதிய தொகை போய்விட்டால் அன்றைக்கு ஆப்பை மூடிவிட வேண்டும். மறுநாள் அளவைக் கூட்டவும் கூடாது.

படி 7: மாதக் கடைசியில் கணக்குப் பாருங்கள்

லாப நஷ்டத் தொகையை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஏறும் சந்தையில் எல்லாருமே கெட்டிக்காரர்கள். நோட்டை எடுத்து எண்ணுங்கள். எழுதிய ஸ்டாப் லாஸை (வெளியேறும் விலையை) எத்தனை முறை கீழே நகர்த்தினீர்கள்? லாபப் பொசிஷனைச் சராசரியாக எத்தனை நாள் வைத்திருந்தீர்கள், நஷ்டப் பொசிஷனை எத்தனை நாள்? காரணம் எழுதாமல் போட்ட ட்ரேட்டுகளின் மொத்த முடிவு என்ன? கரடிச் சாய்வு இருப்பவர் கூடுதலாக ஒன்று எழுத வேண்டும்: வாங்கத் திட்டமிட்டு, 'இன்னும் இறங்கட்டும்' என்று விட்ட பங்குகள் இன்று எங்கே இருக்கின்றன? ப்ரோக்கர் அறிக்கையில் இந்த நஷ்டம் வராது. பலருக்கு அதுதான் பெரிய நஷ்டம்.

ஆண்டு முடிவில் வரித் தாக்கலுக்காக ப்ரோக்கர் தரும் லாப நஷ்ட அறிக்கையோடு இந்தக் குறிப்புகளை ஒப்பிடுங்கள். அதில் இன்ட்ராடே, டெலிவரி, எஃப் அண்ட் ஓ தனித்தனியாக இருக்கும். எந்தப் பிரிவில் நஷ்டமும் விதிமீறலும் சேர்ந்தே வருகின்றனவோ, அந்தப் பிரிவை அடுத்த காலாண்டுக்கு முடக்கி வையுங்கள். சில ப்ரோக்கர் ஆப்களில் ஒரு பிரிவை மட்டும் அணைத்து வைக்கும் வசதி இருக்கிறது. இல்லையென்றால் எழுதிக் கேட்டால் எஃப் அண்ட் ஓ-வை நீக்கித் தருவார்கள்.